பெட்ரோல் நின்றது, பஸ் நிற்கவில்லை



பண்டிகைக்குப் பரிசுப் பை, தீபாவளிச் சீட்டு, வீட்டுக்கே சரக்கு அனுப்புவது என்று நாம் எல்லோரும் ஏதாவது ஒன்றைப் புதிதாகச் செய்து பார்க்கிறோம். யோசித்துப் போட்ட திட்டம் போட்டபடியே நடந்து முடிவது அபூர்வம். நடுவழியில் அது தடுமாறினால் என்ன செய்வது? இதற்கு நம் மதுரையிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார், 1912-ல் பஸ் தொழிலில் இறங்கினார். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு டி.வி.எஸ். நிறுவனம் வளர்ந்தது. அந்த பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளலாம் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. நேரம் தவறாமைதான் அவர் விற்ற சரக்கு.

1939-ல் இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. நம் தட்டுக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. பர்மா எண்ணெயும் நின்றது. பெட்ரோல் அளந்துதான் கிடைத்தது. வண்டி இருந்தது, டிரைவர் இருந்தார், பயணிகள் காத்திருந்தார்கள். ஊற்றுவதற்குப் பெட்ரோல் இல்லை.

அப்போது அந்த நிறுவனம் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கரி வாயுக் கருவியை வடிவமைத்துத் தயாரித்தது. இரும்பு உருளையில் அடுப்புக்கரியை நிரப்பி, காற்றைக் குறைவாக விட்டு எரித்தால் ஒருவகை வாயு கிளம்பும். அதைக் குளிர வைத்து, தூசியை வடிகட்டி என்ஜினுக்குள் அனுப்பினால் வண்டி ஓடும். நம் நாட்டு விறகுக் கரியே பெட்ரோலின் இடத்தைப் பிடித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, நோக்கம் வேறு, வழி வேறு. பயணிகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நோக்கம். பெட்ரோல் அதற்கு ஒரு வழி. வழி அடைபட்டதும் நோக்கத்தையே கைவிடவில்லை.

இரண்டு, மாற்று வழிக்கும் செலவு உண்டு. கரி வாயுவில் பெட்ரோலின் இழுவை கிடைக்காது. புறப்படும் முன்பே கரியை மூட்டிக் காத்திருக்க வேண்டும். அடிக்கடி சாம்பல் தட்ட வேண்டும். இந்தத் தொல்லைகளைக் கணக்கில் சேர்த்துத்தான் வண்டியை ஓட்டினார்கள்.

மூன்று, பெட்ரோல் தாராளமாக வந்த பிறகு கரிக் கருவி வழக்கொழிந்தது. ஆபத்துக்கு உதவியது என்பதற்காக யாரும் அதைக் கட்டிக்கொண்டு அழவில்லை.

இதை நம் கடைக்குப் பொருத்திப் பார்ப்போம். 2014, 2015 இரண்டு ஆண்டும் பருவமழை பொய்த்ததில் பருப்பு விளைச்சல் குறைந்தது. 2015 தீபாவளிச் சமயத்தில் துவரம் பருப்பு பல ஊர்களில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். அந்த ஆண்டு ஒரு பலசரக்குக் கடைக்காரர் 100 பேரிடம் மாதச் சீட்டுப் பிடித்து, தீபாவளிப் பையில் ஆளுக்கு 3 கிலோ துவரம் பருப்பு தருவதாகச் சொல்லியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் போட்ட கணக்கு கிலோ 110 ரூபாய். சரக்கு எடுக்கும்போது 190. பருப்பில் மட்டும் 24,000 ரூபாய் துண்டு விழுகிறது. சின்னக் கடைக்கு இது முதலையே கடிக்கும் தொகை.

சிலர் பிடிவாதமாக வாக்குப்படியே கொடுத்து, மொத்தக் கடைப் பாக்கியில் விழுவார்கள். சிலர் மலிவான பருப்பைக் கலந்து பையைக் கட்டிவிடுவார்கள். மாற்றுவது வேறு, ஏமாற்றுவது வேறு. கலப்படம் குழம்பு கொதிக்கும்போதே தெரிந்துவிடும். அந்த வீட்டுக்காரம்மா அடுத்த மாதம் எதிர்க் கடையில் நிற்பார்.

செய்ய வேண்டியது இதுதான். வாடிக்கையாளரின் நோக்கம் பண்டிகைக்குக் குறையில்லாத ஒரு பை. ஐப்பசி பிறக்கும் முன்பே அவர்களிடம் விலையைச் சொல்ல வேண்டும். “ஒரு கிலோ துவரை, மீதிக்குப் பாசிப்பருப்பும் வெல்லமும் தரட்டுமா? துவரையே வேண்டுமென்றால் விலை வித்தியாசத்தில் பாதியை நான் ஏற்கிறேன்” என்று கேட்கலாம். விருப்பத்தை அவர்களிடமே விட்டுவிட வேண்டும். பெரும்பாலானோர் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாத சிலருக்கு வாக்குப்படியே கொடுத்துவிட வேண்டியதுதான். அந்த நஷ்டம் தாங்கக் கூடியது.

அதேபோல் மொத்தக் கடைக்காரரிடமும் தவணை தேதிக்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். நாற்பது ஆண்டுகளாக மொத்தக் கடையில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: முன்கூட்டியே வந்து நிலைமையைச் சொல்பவருக்குப் பத்து நாள் தள்ளிக் கொடுக்க எங்களுக்கு மனம் வரும். தேதி தாண்டி முகத்தை மறைப்பவருக்கு அடுத்த மூட்டை இறக்க மனம் வராது.

இனிப் புதுத் திட்டம் எதையும் தொடங்குமுன் பேரேட்டின் ஓரத்தில் மூன்று வரி எழுதி வையுங்கள். இதன் நோக்கம் என்ன? இது நின்றுபோனால் கைவசம் உள்ள அடுத்த வழி எது? எவ்வளவு ரூபாய் நஷ்டம் கண்டால் நிறுத்திக்கொள்வது? மூன்றாவது வரிக்கு எதிரே தொகையைத் தெளிவாகப் போடுங்கள். சூடு ஏறிய நேரத்தில் போடும் கணக்கை விட, நிதானத்தில் எழுதிய கணக்கே கடையைக் காப்பாற்றும்.

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். கையைக் கன்னத்திலிருந்து எடுத்தால்தான் பக்கத்தில் மிதக்கும் கட்டையைப் பிடிக்க முடியும்.