உரிமையைத் துறந்த பிறகு கோப்பைப் படி

அன்புள்ள தம்பிக்கு,

முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் படக்கோப்புகளைப் பிரிக்கும் நிரலை லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடவிடப் போகிறாய். சாண்ட்பாக்ஸ் போட்டால் போதுமா என்று கேட்டிருந்தாய். எதை எப்போது கைவிடுகிறாய் என்பதைப் பொறுத்தது அது.

வேண்டிய கோப்புகளை முதலில் திறந்துகொள். அடுத்து உரிமைகளை விட்டுவிடு. அதற்கப்புறம்தான் அந்நியர் தந்த முதல் பைட்டைத் தொட வேண்டும். 2005-இல் லினக்ஸுக்கு வந்த செக்காம்ப் என்ற அடைப்பு வசதி இதில் மிகக் கறார்: படிப்பது, எழுதுவது, வெளியேறுவது, சிக்னலிலிருந்து திரும்புவது தவிர வேறு எந்த சிஸ்டம் கால் செய்தாலும் கெர்னல் அந்த ப்ராசஸைக் கொன்றுவிடும். 2012-இல், 3.5 கெர்னலில், எந்த சிஸ்டம் காலை விடுவது என்ற வடிகட்டியை நாமே எழுதும் வசதி வந்தது. ஆனால் அந்த வடிகட்டி பாயிண்டரின் எண்ணை மட்டுமே பார்க்கும். அது காட்டும் இடத்திலுள்ள கோப்பின் பெயரைப் படிக்காது. ஆகவே "இந்த அடைவு மட்டும்" என்று அதனிடம் சொல்ல முடியாது. அதற்கு 2021-இல் லினக்ஸுக்கு வந்த லேண்ட்லாக் என்ற வசதி வேண்டும்.

விண்டோஸில் பாதை வேறு. ப்ராசஸின் டோக்கனிலிருந்து உரிமைகளை உருவ வேண்டும், ஜாப் ஆப்ஜெக்டுக்குள் அடைக்க வேண்டும். இன்டெக்ரிட்டி அளவை மட்டும் தாழ்த்திவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதே. இயல்பான அமைப்பில் அது எழுதுவதைத்தான் தடுக்கும். பயனரின் கோப்புகளைப் படிப்பதைத் தடுக்காது. விண்டோஸ் 8 முதல் உள்ள ஆப்கண்டெய்னர் இன்னும் இறுக்கமானது. மேக்கில் தனி சாண்ட்பாக்ஸ் விதிகள். (எனக்குப் பிடித்தது ஓபன்பிஎஸ்டியின் பிளெட்ஜ்தான். இன்னின்னதுதான் செய்வேன் என்று நிரலே வாக்குக் கொடுக்கும், மீறினால் சாகும்.)

இவ்வளவு வேறுபாட்டையும் ஒரே ஃபங்ஷனுக்குள் மூடி மறைக்காதே. ஒவ்வொரு தளத்திலும் ஒரு சோதனை எழுது: அடைபட்ட ப்ராசஸ் பயனரின் கோப்பைப் படிக்கவும் நெட்வொர்க்கில் இணையவும் முயல வேண்டும்; இரண்டும் தோற்க வேண்டும்.

சுவரைவிட வாசல்தான் எனக்குக் கவலை தருகிறது. 2008-இல் வெளியான குரோம், பக்கத்தை வரையும் ப்ராசஸை அடைத்து, அதன் சார்பில் வேலை செய்ய வெளியே ஒரு புரோக்கரை வைத்தது. நீயும் அப்படித்தான் செய்வாய். உள்ளே இருப்பது ஏற்கெனவே எதிரி கைக்குப் போய்விட்டது என்றே எண்ணி அந்த புரோக்கரை எழுது. கோப்பின் பெயரை உள்ளிருந்து வாங்காதே. நீ தேர்ந்தெடுத்துத் திறந்த கோப்பை மட்டும் உள்ளே கொடு. உள்ளிருந்து வரும் செய்திகள் சொல்லும் ஒவ்வொரு நீளத்தையும் சரிபார்.

புரோக்கர் நிரலை எனக்கு அனுப்பு. முதலில் அதைப் படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா