கேட்கும்போதெல்லாம் கொடு

அளவெட்டி

அன்புள்ள மகளுக்குப் பெரியம்மா எழுதிக்கொள்வது.

விளக்கு வைக்கும் நேரந்தொடக்கம் நடுச்சாமம் வரைக்கும் பிள்ளை மார்பை விட்டு இறங்குவதில்லை என்றும், கிடத்திய அரை மணித்தியாலத்துக்குள் மறுபடியும் பாலுக்கு அழுகிறான் என்றும், ஆகையால் உனக்குப் பால் போதாதென்று மாமியும் அயலவர்களும் அபிப்பிராயப்பட்டு ஒரு பெட்டி பால்மாவும் சூப்பிப் போத்தலும் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றும் நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. உன் தாயின் தமக்கை என்ற உரிமையோடும், வலிகாமத்து ஒழுங்கைகளில் சைக்கிளில் திரிந்து பிள்ளைப்பெறு வீடுகள் பார்த்த பழைய மருத்துவமாது என்ற உரிமையோடும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பிள்ளை அடிக்கடி கேட்பது உன்னிடத்தில் பால் குறைந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சி அன்று, நாளைக்கு வேண்டிய பாலை அவன் இன்றைக்கே உன் தேகத்தினிடம் கேட்டு வைக்கிற முறை அது.

பிறந்த சிசு 24 மணித்தியாலத்தில் 8 தொடக்கம் 12 தடவை பால் குடிப்பது சாதாரணம். சில நாள்களில் அதற்கு மேலும் போகும். அந்தத் தடவைகளும் சம இடைவெளியில் வாராமல், மாலையிலும் முன்னிரவிலும் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி வரும். அவனுடைய இரைப்பை மிகச் சிறியது. தாய்ப்பாலோ பால்மாவைக் காட்டிலும் விரைவாகச் சீரணிப்பது. பிள்ளை உறிஞ்சுந்தோறும் தாயின் மூளையடியிலுள்ள சுரப்பியிலிருந்து புரோலக்டின் என்னும் ஓமோன் வெளிப்பட்டுப் பாலை உண்டாக்க, ஒக்சிடோசின் என்னும் மற்றொன்று உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. புரோலக்டின் இராக்காலத்தில் அதிகமாகச் சுரப்பதனால், உன் நித்திரையைக் கெடுக்கிற அந்தச் சாமத்துப் பாலே மறுநாட் சுரப்பையும் நிலைநிறுத்துகிறது. பால் எடுக்கப்படாமல் மார்பில் தேங்கி நின்றாலோ சுரப்புத் தானாகவே தணிந்துவிடும். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று நம் தோட்டக்காரர் சொல்வது இங்கே பொருந்தும். ஒரு பேதம் மாத்திரம் உண்டு. நம் சுண்ணக்கல் நிலத்துக் கிணறு அளவுக்குமேல் இறைத்தால் உவர்த்துப்போகும். தாயின் மார்புக்கு அந்தப் பயமில்லை.

இனி, அந்தப் பால்மாப் பெட்டி. அதை வாங்கியவர்கள் உன்மேலுள்ள இரக்கத்தினால் வாங்கினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு போத்தல் குடித்த பிள்ளை, அது சீரணிக்கத் தாமதமாவதால் நெடுநேரம் உறங்குவான். அவன் உறங்கும் நேரமெல்லாம் உன் மார்பு கேள்வியின்றிக் கிடக்கும். அடுத்த நாள் பால் மெய்யாகவே சற்றுக் குறையும். அதைக் கண்டு இரண்டாவது போத்தல் வரும். பால் இல்லை என்ற பிரமை பால் இல்லாமையாக முடிவது இந்த வழியால்தான், நான் கண்ட வீடுகள் பலவற்றில் அது அப்படியே நடந்தது. மருத்துவக் காரணம் பற்றி வைத்தியர் எழுதிக் கொடுத்தாலொழிய அது வேண்டாம். சீனித் தண்ணீர், கொத்தமல்லித் தண்ணீர், தேன் ஒன்றும் வேண்டாம். தேன் ஒரு வயதுக்குமுன் ஆபத்தானதுங்கூட.

மூன்று மணிக்கொருதரம் மணிக்கூட்டைப் பார்த்துக் கொடு என்று உனக்குப் புத்தி சொன்ன பெரியவரையும் நான் குறைசொல்லமாட்டேன். நியூசிலாந்தில் ட்ரூபி கிங் என்ற வைத்தியர் 1907ஆம் ஆண்டு தாய்சேய் நலத்துக்கான பிளங்கற் சங்கத்தைத் தொடங்கி, நான்கு மணித்தியாலத்துக்கு ஒருதரமே பால், இரவில் அதுவுமில்லை என்று விதித்த காலத்தில், அந்த விதி ஆங்கிலேயர் ஆண்ட தேசங்கள் பலவற்றிலும் சாஸ்திரமாகப் பரவியது. இன்றைய வைத்திய சாஸ்திரம் அதைக் கைவிட்டுவிட்டது. பிள்ளை கேட்கும்போது கொடு என்பதே உலக சுகாதார தாபனத்தின் உபதேசமும்.

பால் போதுமா என்று அறிவதற்கு அழுகையைக் கணக்கிடாதே, நனைந்த துணிகளைக் கணக்கிடு. ஆறாம் நாளுக்குப் பின் நாளொன்றுக்கு 6 துணியாவது நனைந்து, மலம் மஞ்சளாகப் போய், பிறந்தபின் குறைந்த நிறை இரண்டு கிழமையளவில் மீண்டுவிட்டதென்றால் கவலைக்கு இடமில்லை. நிறையை மருத்துவமாது பிள்ளையின் பதிவேட்டில் குறித்துத் தருவார். பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தாலும், கண்ணும் உடலும் மஞ்சளித்தாலும், காய்ச்சல் கண்டாலும், உன் மார்பு சிவந்து கன்றிக் காய்ச்சல் வந்தாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போ. காம்பு வெடித்து நோவெடுத்தால் பொறுத்துக்கொள்ளாதே. பெரும்பாலும் பிள்ளை காம்பை மாத்திரம் கவ்வுகிறான் என்று அர்த்தம். வாயை அகலத் திறக்கவைத்து, காம்பைச் சூழ்ந்த கரிய பாகமும் உள்ளே போகும்படி அணைத்துக் கொடு.

இத்தனையும் உன் வேலை. மற்றதெல்லாம் வீட்டாரின் வேலை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. நம் பழைய வழக்கத்தில் 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை பிள்ளைபெற்றவளை அடுப்படிக்கு விடமாட்டார்கள். காயச்சரக்கு அரைத்து, உள்ளி நிறையப் போட்டுப் பத்தியக் கறி வைத்து, சுறா வறையும் முருங்கையிலையுமாகச் சுடச்சுடக் கொண்டுவந்து வைப்பார்கள். அந்தச் சரக்குப் பாலைப் பெருக்குமோ என்பதில் நான் வாதிடமாட்டேன். இன்னொருத்தி சமைத்துத் தந்த சோறும், அதனால் கிடைத்த நித்திரையும் பாலூட்டலுக்குத் துணைநிற்கும் என்று நிச்சயமாகச் சொல்வேன். தண்ணீரை மட்டுப்படுத்தச் சொன்னால் மாத்திரம் கேளாதே. தாகத்துக்கு வேண்டியமட்டும் குடி. மருமகன் பாலூட்ட முடியாது என்றாலும், பிள்ளையைத் தோளில் போட்டு ஏவறை எடுக்கவும், துணி மாற்றவும், இரவில் உனக்கு ஒரு செம்பு தண்ணீர் எடுத்துத் தரவும் அவருக்குத் தடையில்லை. பிள்ளை பார்க்க வருகிறவர்களை மாமி வெளித் திண்ணையோடு அனுப்பிவிடட்டும். பகலில் அவன் உறங்கும்போது நீயும் படு. கதிரையில் இருந்தபடி பிள்ளையோடு கண்ணயர்வது மட்டும் கூடாது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் முடிவில் யுத்தத்துக்கு அஞ்சி வலிகாமம் முழுவதும் மழையிலே தென்மராட்சிக்கு நடந்தபோது, பால்மா கைக்கு எட்டாப் பொருளாயிருந்தது. பள்ளிக்கூடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் அரைப் பட்டினியோடு இருந்த தாய்மாரின் மடியில் சிசுக்கள் பாலுக்குக் குறைவின்றி வளர்ந்ததை என் கண்ணால் கண்டேன். உன் மார்பைச் சந்தேகிக்க என்னால் இயலாதிருப்பது அதனாலேயே. நீ தனியாளுமல்ல: 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் ஒன்றையே குடித்தவர்கள்.

மூன்றாங் கிழமையளவிலும் ஆறாங் கிழமையளவிலும் அவன் இதைக் காட்டிலும் அதிகமாகக் கேட்கக்கூடும். இரண்டொரு நாளில் தணியும். பிறகு இடைவெளி சிறிது சிறிதாக நீளும். அதற்கிடையில் காரணமின்றி அழுகை வந்து, இரண்டு கிழமையாகியும் மனம் தெளியாமல், பிள்ளையைப் பார்க்கவே வெறுப்புத் தோன்றினால் அதை வெட்கப்பட்டு மறைக்காதே. அதுவும் வைத்தியம் உள்ள நோயே. மருத்துவமாதிடம் சொல், என்னிடமும் சொல்.

இந்தக் கடிதத்தை மாமிக்கும் மருமகனுக்கும் வாசித்துக் காட்டி, உடைக்காத அந்தப் பெட்டியைக் கடைக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்.

இங்ஙனம்,
அன்புள்ள பெரியம்மா