நீச்சலங்கியை விரைவிற் களையும் முறை

நீந்துதல், துவிச்சக்கரவண்டி செலுத்துதல், ஓடுதல் என்னும் மூன்றையும் இடைவிடாது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கும் போட்டியை 'ட்ரையத்லன்' என்பர். இம்மூன்றிலும் வல்லவன் ஒருவன், உடை களையத் தெரியாமையாற் பின்தங்குதல் உண்டு என்றாற் சிலர் நகைப்பர். நாமும் ஒருகால் அவ்வாறு நகைத்தவரே. விளையாட்டுத் துறையில் அதிகம் பேசப்படாத இச்சிறு கலையைப் பற்றி, மாணவர்க்கும், குளிர்நாடுகளில் வாழ்ந்து இப்போட்டியில் இறங்கும் எம் பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு சில கூற விழைகின்றோம்.

போட்டியும் மாற்றிடமும்

இப்போட்டி இன்றைய வடிவில் 1974ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள சான் டியேகோ நகரில் முதன்முதலாக நடைபெற்றது. 2000ஆம் ஆண்டிற் சிட்னி நகரில் ஒலிம்பிக் விழாவில் இடம்பெற்றது. ஒலிம்பிக் தூரமாவது நீச்சல் 1,500 மீற்றர், துவிச்சக்கரவண்டி 40 கிலோமீற்றர், ஓட்டம் 10 கிலோமீற்றர் என்பதாம். ஒன்றினின்று மற்றொன்றுக்கு மாறும் இடத்தை மாற்றிடம் என்போம். அங்கே வீரன் உடை களையினும், சப்பாத்து அணியினும், தடுமாறி நிற்பினும் கடிகாரம் நிற்பதில்லை. சிட்னியில் மகளிர் போட்டியிற் சுவிற்சர்லாந்து நாட்டுப் பிரிஜித் மக்மாஹோன், அவுஸ்திரேலிய நாட்டு மிஷெல்லி ஜோன்சை ஏறத்தாழ இரண்டு செக்கன்களால் வென்றார். இரண்டு மணி நேரம் உழைத்த உழைப்பின் முடிவு இரண்டு செக்கன்களில் அடங்கியது. செக்கனின் அருமையை உணர இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அங்கியின் இயல்பு

நீரானது காற்றிலும் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். ஆதலிற் குளிர்நாட்டு ஏரிகளில் நீந்துவோர் 'வெற்சூட்' எனப்படும் நீச்சலங்கியை அணிவர். இது நியோப்பிரீன் என்னும் செயற்கை இறப்பரால் ஆயது. அவ்விறப்பரினுள்ளே நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்துள்ளன. அவை வெப்பம் வெளியேறாது தடுப்பதோடு, உடலை நீரின்மேல் உயர்த்தியும் தாங்குகின்றன. உலக ட்ரையத்லன் சங்கத்தின் விதிப்படி அங்கியின் தடிப்பு 5 மில்லிமீற்றருக்கு மேற்படல் ஆகாது.

இவ்வங்கிக்கும் தோலுக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று தங்குகின்றது. நாம் கூறப்போகும் முறை அனைத்திற்கும் இப்படலமே அடிப்படையாம். அது உள்ளவரை அங்கி தோலின்மேல் வழுக்கும். அது வடிந்துவிடின் அங்கி தோலைப் பற்றிக்கொள்ளும். ஆகவே கரையேறிய முதற் கணங்களே களைதற்கு உரிய காலம். தாமதிக்கத் தாமதிக்க வேலை கடினமாகும்.

எமது முதற் பாடம்

இங்கிலாந்தின் ஏரியொன்றில் நாம் முதன்முதல் இப்போட்டியிற் கலந்துகொண்ட காலையை இன்றும் மறந்திலோம். ஊர்க் கேணியிலும் கடலிலும் நீந்திப் பழகிய எமக்கு நீச்சலில் அச்சமில்லை. அங்கியை வீட்டில் ஒருமுறை உலர்ந்த உடலோடு அணிந்து கழற்றிப் பார்த்ததோடு அமைந்தோம். போட்டியன்று முன்வரிசையிலேயே கரையேறினோம். மாற்றிடத்தை அடைந்து, வண்டியின் அருகே நின்ற பின்னரே முதுகுப்புறத்துச் சிப்பைத் தேடினோம். குளிரால் மரத்த விரல்களுக்கு அதன் நாடா அகப்படவில்லை. தோள் கழன்றபோது கைக்கடிகாரம் தடுத்தது. கை கழன்றபோது கணுக்காலிற் கட்டிய நேரக்கணிப்புப் பட்டியில் அங்கியின் கால் சிக்கியது. ஒற்றைக் காலில் தத்தி, ஈற்றில் நிலத்தில் வீழ்ந்தோம். எமக்குப் பின் கரையேறியோர் பலர் எம்மைக் கடந்து போயினர். அவருள் எம்மினும் வயதில் மிக மூத்த அம்மையார் ஒருவர், சிறிதும் பதறாது அங்கியைக் களைந்துவைத்து, எம்மை நோக்கிப் புன்முறுவல் செய்து வண்டியேறிச் சென்றார். அவர் எம்மினும் வலியர் அல்லர். அடுத்துச் செய்வது யாதென்பதை அறிந்தவர். வேறுபாடு அவ்வளவே.

முன்னேற்பாடு

அன்று தொட்டு நாம் கற்றவற்றை வரிசையாகக் கூறுவோம். அங்கி உடலோடு பொருந்த வேண்டும். ஆயின் மூச்சை நெருக்குதல் ஆகாது. அணியுமுன் கணுக்கால், மணிக்கட்டு, பிடரி ஆகிய இடங்களில் இதற்கென விற்கப்படும் வழுக்குப் பூச்சைத் தடவுக. பெற்றோலியத்தால் ஆய களிம்பு நியோப்பிரீனுக்குக் கேடு செய்யும் ஆதலின் அதை விலக்குக. நேரக்கணிப்புப் பட்டியை அங்கியின் காலுக்கு உட்புறமாகக் கட்டுக. கைக்கடிகாரம் இன்றியமையாததன்று எனின் அதை விட்டுச் செல்க. நகங்களை வெட்டிக்கொள்க, கூரிய நகம் இறப்பரைக் கிழிக்கும். நீரிலிருந்து மாற்றிடம் வரையுள்ள வழியையும், நும் வண்டி நிற்கும் வரிசையையும் தொடக்கத்திற்கு முன் ஒருமுறை நடந்து பார்த்துக்கொள்க.

களையும் முறை

ஒன்று: கரையை அணுகும்போது கால்களைச் சிறிது மிகுதியாக அடித்து நீந்துக. நீரிற் கிடந்த உடல் திடீரென நிமிரும்போது இரத்தம் கால்களில் தங்கித் தலைசுற்றல் உண்டாகலாம். கால்களை முன்னரே இயக்குதல் அதனைக் குறைக்கும்.

இரண்டு: ஆழங்குறைந்த இடத்திற் கழுத்துப்பட்டியைச் சற்று இழுத்து, உள்ளே சிறிது நீரைப் புகவிடுக. நீர்ப்படலம் புதுப்பிக்கப்படும்.

மூன்று: எழுந்து ஓடத் தொடங்கியதும் கண்ணாடியைத் தொப்பியின்மேல் உயர்த்துக, கழற்றற்க. கைகள் இரண்டும் வெறுமையாக இருத்தல் வேண்டும். பின்னர் கழுத்தின் ஒட்டுப்பட்டியைத் திறந்து, நாடாவைப் பற்றிச் சிப்பை முழுவதும் இழுக்க. ஒட்டுப்பட்டியைத் திறவாது நாடாவை இழுப்போர் பலர். அவர் இழுப்பது வீணாம்.

நான்கு: ஓடிக்கொண்டே தோள்களை விடுவித்து, கைகளை ஒவ்வொன்றாக உருவுக. அங்கியின் கை உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பி வரும், அதுவே முறை. அங்கி இடுப்பளவில் தொங்க மாற்றிடத்தை அடைக. தொப்பியையும் கண்ணாடியையும் இப்போது கழற்றுக.

ஐந்து: வண்டியருகே நின்று, இரு கைகளாலும் அங்கியை இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை ஒரே தள்ளாகத் தள்ளுக. விரல் நுனியால் அன்று, உள்ளங்கையால் தள்ளுக.

ஆறு: இனிக் கைக்கு வேலை குறைவு. ஒரு காலால் மற்றக் காலின் அங்கியை மிதித்துக்கொண்டு, முழங்காலை மேலே உயர்த்துக. குதிக்கால் விடுபடும். பின்னர் காலை மாற்றிச் செய்க. சமநிலை தவறுமாயின் கூச்சமின்றி அமர்ந்து கழற்றுக. வீழ்ந்து எழுதலினும் அது விரைவானது.

களைந்த பின்

களைந்த அங்கியைப் பிறர் வழியில் எறிதல் தகாது. தமக்குரிய இடத்தில் வைத்தல் வேண்டும். தலைக்கவசத்தை அணிந்து பட்டியைப் பூட்டிய பின்னரே வண்டியைத் தொடுக. குறித்த கோட்டைக் கடந்த பின்னரே ஏறுக. 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவில் ஜொனதன் பிரவுன்லி அக்கோட்டுக்கு முன்னரே வண்டியேறியமையால் 15 செக்கன் தண்டம் பெற்றார். அவர் வெண்கலப் பதக்கம் பெற்றாராயினும், தண்டத்துக்காக ஓட்டத்தினிடையே நின்று காத்திருக்க நேர்ந்தது. விரைவு வேறு, பதற்றம் வேறு என்பதற்கு உலகறிந்த உதாரணம் இதுவாம்.

பயிற்சி

மேற்கூறியவற்றை வாசித்தலால் மட்டும் கைவருவதில்லை. உலர்ந்த அறையிற் செய்யும் பயிற்சி எம்மை ஏமாற்றியதுபோல் நும்மையும் ஏமாற்றும். ஒவ்வொரு நீச்சற் பயிற்சியின் ஈற்றிலும், களைத்த உடலோடும் குளிர்ந்த விரல்களோடும், கரையேறி ஓடி அங்கியைக் களைந்து பழகுக. முதலில் ஒழுங்கை நோக்குக. ஒழுங்கு மனத்திற் பதிந்த பின்னரே கடிகாரத்தை நோக்குக.

எமது தாய்நாட்டுக் கடல் வெதுவெதுப்பானது. 1,500 மீற்றர் நீச்சலில் நீரின் வெப்பம் 20 பாகை செல்சியசுக்கு மேற்படின் உயர்நிலை வீரர் இவ்வங்கியை அணிய விதி இடங்கொடாது. ஆகவே இங்குள்ள மாணவர்க்கு இது வேண்டப்படுவதில்லை. ஆயினும் சப்பாத்து, தலைக்கவசம், வண்டி என்பவற்றின் ஒழுங்கு எந்நாட்டுக்கும் ஒன்றே. குளிர்நாடு செல்வோர் அங்கி வாங்கும் நாளிலேயே அதைக் களையவும் கற்றுக்கொள்வாராக. ஏரிக்கரையில் நிலத்தில் கிடந்து நாம் கற்ற பாடத்தை அவர் நின்றவாறே கற்கலாம்.