குழந்தையின் படம் ஓர் அமானிதம்

நம் பேத்திக்கு ஒரு வயது நிறைந்தபோது, அவளைப் படம் எடுப்பதற்காக ஊரிலிருந்த ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துச் சென்றோம். படம் அழகாகவே அமைந்தது. கேட்ட தொகையைக் கொடுத்து, கண்ணாடி போட்டு வாங்கி வந்து வீட்டில் மாட்டி வைத்தோம். ஏழெட்டு மாதங்கள் கழித்து ஒருநாள் கடைவீதியில் நடந்து செல்லும்போது, ஒரு துணிக்கடையின் விளம்பரப் பலகையில் அதே படத்தைக் கண்டு திகைத்து நின்றோம். அந்தச் சட்டை அக்கடையில் வாங்கியதன்று. அப்படத்தைப் பயன்படுத்த நம்மை யாரும் கேட்கவுமில்லை. செய்தி அறிந்த குழந்தையின் தாய் அன்றிரவு உறங்கவில்லை.

ஸ்டூடியோக்காரரிடம் சென்று கேட்டோம். "நல்ல அழகான பிள்ளை, பெருமையாக இருக்கட்டுமே என்றுதான் கொடுத்தேன்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். நாம் சொன்னதும் வருந்தி, இரண்டு நாளில் பலகையை இறக்க ஏற்பாடு செய்தார். காமிரா தம்முடையது, உழைப்பும் தம்முடையது, ஆகவே படமும் தம்முடையதே என்று அவர் எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் தவறு என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

இன்று குழந்தைகளைப் படமெடுப்பதையே தனித் தொழிலாகக் கொண்டு நம் இளைஞர்களும் பெண்மக்களும் பலர் இறங்கியுள்ளனர். வீட்டு முன்னறையிலேயே சிறியதாகத் தொடங்கி நடத்துவோரும் உண்டு. அவர்களுக்கும், அவர்களிடம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கும் பயன்படும் பொருட்டு, இத்தொழிலில் அறிய வேண்டியவற்றை இங்கே பாடமாகத் தருகிறோம்.

தொடங்குமுன் ஒரு சொல். உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது, செதுக்குவது பற்றி வந்துள்ள எச்சரிக்கைகள் காமிராவுக்கும் பொருந்துமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ போன்றோர், காமிரா ஏற்கனவே உள்ள உருவத்தின் நிழலைப் பிடித்து நிறுத்துகிறதே தவிரப் புதிதாக ஒன்றைப் படைப்பதில்லை என்று கூறி அதனை அனுமதித்தனர். தேவையின்றி எடுப்பதைத் தடுத்தவர்களும் பலர். அவ்விவாதத்தை நாம் இங்கே விரிக்கப் போவதில்லை. ஐயமுடையோர் தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து கொள்க. இத்தொழிலைக் கையில் எடுத்துவிட்டவர் அதனை எப்படி ஹலாலாகவும் நேர்மையாகவும் நடத்துவது என்பதே நம் பாடம்.

1. முதல் மூலதனம் பொறுமை

1839-ஆம் ஆண்டு பாரிஸில் டாகேர் என்பவரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, ஒரு படம் பதிவாகப் பல நிமிடங்கள் கூடப் பிடித்தன. பின்னர் அந்நேரம் குறைந்தாலும், குழந்தைகள் அத்தனை நொடி அசையாமல் இருப்பார்களா? அதனால் அக்காலத்தில் தாயின் மேல் ஒரு துணியைப் போர்த்தி நாற்காலி போலத் தோன்றச் செய்து, அவள் மடியில் குழந்தையை வைத்துப் படமெடுத்தனர். அப்படிப்பட்ட படங்கள் இன்றும் இருக்கின்றன. குழந்தையின் முகம் தெரியும். அதனைத் தாங்கிய தாயின் முகம் தெரியாது.

கல்கத்தாவில் 1815-இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் பெண்மணி, தமது 48-ஆம் வயதில்தான் முதன்முதலாகக் காமிராவைப் பெற்றார். 1863-ஆம் ஆண்டின் இறுதியில் மகளும் மருமகனும் அதனைப் பரிசாக அளித்தனர். அப்போது இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்த அவர், வீட்டின் கோழிக்கூடத்தைப் படமெடுக்கும் அறையாகவும், கரி போட்டிருந்த அறையை இருட்டறையாகவும் மாற்றிக் கொண்டார். அடுத்த மாதமே, 1864 ஜனவரியில், ஆனி என்ற சிறுமியைப் படமெடுத்தார். அதனையே தமது முதல் வெற்றி என்று அவர் கருதினார். பளபளப்பான சட்டையோ அலங்காரத் திரையோ அப்படத்தில் இல்லை. ஒரு குழந்தை தன்னை மறந்திருக்கும் முகம் மட்டுமே உண்டு. அவர் தம் இறுதிக் காலத்தை இலங்கையில் கழித்து, அங்கேயே 1879-இல் காலமானார்.

இன்றைய காமிரா ஒரு நொடியை ஆயிரமாகப் பகுத்து அதில் ஒரு பங்கில் படம் பிடித்துவிடுகிறது. குழந்தையை அசையாமல் நிறுத்த வேண்டிய தேவை இப்போது இல்லை. எனினும், "சிரி, சிரி" என்று கைதட்டி, கிலுகிலுப்பையை ஆட்டி, அழும் பிள்ளையை மிரட்டிப் படமெடுக்கும் வழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

நம் பேத்தியின் மூன்றாம் வயதில் வேறொரு பெரியவரிடம் சென்றோம். அவர் காமிராவைக் கையிலேயே எடுக்கவில்லை. தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, ஓர் எலுமிச்சம்பழத்தை அவள் பக்கம் உருட்டினார். அவள் உம்மாவின் பின்னால் ஒளிந்தாள். மறுபடி உருட்டினார். பத்து நிமிடம் இவ்வாறே கழிந்தது. பிறகு அவளே அப்பழத்தை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்து அவரிடம் நீட்டினாள். அப்போதுதான் பக்கத்திலிருந்த காமிராவை எடுத்தார். நாம் பார்த்த படங்களில் அதற்கு இணையான ஒன்று இல்லை.

2. கலைநயம் எங்கே இருக்கிறது?

விலையுயர்ந்த பொம்மைகளும், இறக்குமதித் திரைகளும், காகிதப் பூக்களும் வாங்கி அடுக்கினால் கலைநயம் வந்துவிடும் எனப் புதியவர்கள் எண்ணுகின்றனர். அதே திரையின் முன் நூறு பிள்ளைகளை நிறுத்தினால் நூறு படங்களும் ஒன்று போலவே இருக்கும். முன்கூட்டியே தாயிடம், "பிள்ளை எதனோடு அதிகம் விளையாடும்? யாரோடு ஒட்டிக்கொள்ளும்?" என்று கேட்டுக் கொள்ளுங்கள். பாட்டியின் வெற்றிலைப் பெட்டி, உம்மாவின் தையல் மெஷின், அத்தாவின் செருப்பில் நுழைந்த சின்னக் கால் ஆகியவை அப்பிள்ளைக்கே உரியவை. வேறு எவர் படத்திலும் அவை வாரா.

செய்முறையில் சில குறிப்புகள்:

• வெயில் நேராக விழாத ஒரு சன்னலே போதுமான விளக்கு. பிள்ளையைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் அமர்த்தி, எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தால் நிழல் மென்மையாகும். கண்ணில் ஒளிப்புள்ளி தோன்றும்.

• காமிரா பிள்ளையின் கண் மட்டத்தில் இருக்கட்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் தலை பெரிதாகவும் கால் சிறிதாகவும் தெரியும்.

• அமர்ந்து விளையாடும் பிள்ளைக்கு நொடியில் 250-இல் ஒரு பங்கு வேகமும், ஓடும் பிள்ளைக்கு 500-இல் ஒரு பங்கோ அதற்கு மேலோ வேகமும் வைத்துக் கொள்க. காமிராவுக்கு அருகிலுள்ள கண்ணில் கூர்மை விழ வேண்டும்.

• நேரத்தைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். உறங்கி எழுந்து, பசியாறிய பின் வரும் ஒரு மணி நேரமே ஏற்றது. அழத் தொடங்கினால் காமிராவைக் கீழே வைத்துவிடுங்கள். வேறொரு நாள் வரச் சொல்வதில் இழிவு ஒன்றுமில்லை.

3. பச்சிளங்குழந்தையின் பாதுகாப்பு

பிறந்து இரண்டு வாரத்துக்குள் குழந்தை நன்கு உறங்கும் என்பதால், அப்பருவத்துப் படங்களைப் பெற்றோர் இப்போது விரும்பிக் கேட்கின்றனர். இதில் மிக எச்சரிக்கை வேண்டும். குழந்தை தன் கைகளில் மோவாயைத் தாங்கித் தலை நிமிர்ந்திருப்பது போன்ற படங்களைப் பலர் பார்த்திருப்பர். அக்குழந்தை உண்மையில் அப்படி இருப்பதில்லை. ஒருவர் தலையைப் பிடித்திருக்க ஒரு படமும், கைகளைப் பிடித்திருக்க ஒரு படமும் எடுத்து, பின்னர் இரண்டையும் கணிப்பொறியில் ஒன்றாக்கி, பிடித்த விரல்களை நீக்கி விடுகின்றனர். இதனை அறியாமல் குழந்தையை அப்படியே நிறுத்த முயல்வது பேராபத்து. அதன் கழுத்துக்குத் தலையைத் தாங்கும் வலு இன்னும் வரவில்லை.

உயரமான மேசை, கூடை, தொங்கும் துணி ஆகியவற்றில் குழந்தையை வைத்துவிட்டுக் கை எட்டாத தூரம் செல்லலாகாது. அறை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஆனால் சூடு தரும் விளக்கைக் குழந்தைக்கு அருகில் வைக்கக் கூடாது. கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தொட வேண்டும். சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர் அன்று வேலைக்கு வரக் கூடாது. எந்த வயதுப் பிள்ளையானாலும் பெற்றோர் பார்வையிலேயே இருக்க வேண்டும். பிள்ளையுடன் தனித்திருக்கும் நிலையைப் படமெடுப்பவர் தாமே தவிர்த்துக் கொள்வது இரு தரப்பாருக்கும் காப்பு.

4. கூலியும் கணக்கும்

வாய்க்கு வந்த தொகையைச் சொல்வதும், பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்து அதில் நூறு குறைப்பதும் வியாபாரமாகாது. உதாரணமாக ஒரு கணக்கைப் பாருங்கள். மாத வாடகை ரூ. 8,000, மின்சாரம் ரூ. 2,000, உதவியாளர் சம்பளம் ரூ. 12,000. காமிரா, லென்சு, கணிப்பொறி யாவும் ரூ. 2,40,000 என்றும், அவை 5 ஆண்டுகள் உழைக்கும் என்றும் கொண்டால், மாதத்துக்கு ரூ. 4,000 தேய்மானம். உங்கள் குடும்பச் செலவுக்கு ரூ. 20,000. ஆக மொத்தம் ரூ. 46,000. அவசரமின்றி மாதம் 25 குழந்தைகளைப் படமெடுத்தால், ஒரு குழந்தைக்கு ரூ. 1,840 அடக்கம் ஆகிறது. அச்சுச் செலவும் ஆல்பமும் தனி. இதற்குக் குறைத்து வாங்கினால் எண்ணிக்கையைக் கூட்ட நேரும். எண்ணிக்கை கூடினால் எலுமிச்சம்பழம் உருட்ட நேரம் ஏது?

கூலி முழுவதையும் படமெடுக்குமுன்பே சொல்லிவிட வேண்டும். சிலர் குறைந்த தொகை சொல்லி அழைத்து, நாற்பது படங்கள் எடுத்துத் தாயின் முன் விரித்து வைக்கின்றனர். "ஐந்துதான் அந்தத் தொகைக்கு; மற்றவை வேண்டுமானால் மேலும் கொடுங்கள், இல்லையேல் அழித்துவிடுவோம்" என்கின்றனர். தன் பிள்ளையின் முகத்தை அழிக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்? அவளிடமுள்ள பாசத்தையே எடைக்கல்லாக வைத்து நிறுக்கும் வியாபாரம் இது. நிறுவையில் குறைப்பதற்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. இதில் பணம் சேரலாம், பரக்கத் சேராது.

5. படம் யாருக்கு உரியது?

இனி நாம் தொடங்கிய இடத்துக்கே வருவோம். மேலே சொன்ன கேமரன் அம்மையார், தம் படங்களில் 500-க்கும் மேற்பட்டவற்றை அந்நாட்டுச் சட்டப்படி தம் பெயரில் உரிமைப் பதிவு செய்தவர். அவை பெரும்பாலும் அவரே விரும்பி எடுத்த படங்கள். கூலி வாங்கி எடுக்கும் படத்தின் நிலை வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக் கொண்டதன் பேரில் எடுக்கப்படும் புகைப்படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லையெனில், கேட்டுக் கொண்டவரே முதல் உரிமையாளர். ஆகவே அந்தப் படம் ஸ்டூடியோவில் இருப்பது உரிமையால் அன்று, அமானிதமாகவே.

2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களைப் பற்றிய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும், மனச்சாட்சியைக் கேட்டாலும் அதே விடைதான் வரும். பேசத் தெரியாத பிள்ளை சம்மதம் சொல்ல முடியாது. பள்ளிக்குச் செல்லும் வயதில், தன் இரண்டு வயதுப் படத்தை ஊரார் கைப்பேசிகளில் கண்டு அது வெட்கினால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

எனவே பின்வருவனவற்றை ஒரு தாளில் எழுதி இரு தரப்பாரும் கையொப்பமிட்டுக் கொள்ளுங்கள்:

• கடை முகப்பிலோ, விளம்பரத்திலோ, இணையத்திலோ படத்தை வைக்கலாமா என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று குறிக்க வேண்டும். "இல்லை" என்பவருக்குக் கூலி கூடாது; மரியாதையும் குறையாது.

• சம்மதம் தந்தவர் பின்னர் மனம் மாறினால், படத்தை எடுத்துவிட வேண்டும்.

• குழந்தையின் பெயர், பள்ளி, தெரு ஆகியவற்றைப் படத்துடன் வெளியிடக் கூடாது.

• ஆடையில்லாத படம், குளிக்கும் படம் ஆகியவற்றை, பெற்றோரே கேட்டாலும், எடுக்காமல் மறுத்துவிட வேண்டும்.

• படங்களை இரண்டு பிரதிகளாக, இரண்டு இடங்களில் காக்க வேண்டும். எவ்வளவு காலம் காப்போம் என்பதை முன்பே சொல்லி, அக்காலம் முடியுமுன் தெரிவித்துவிட்டே அழிக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். நம் பிள்ளையின் படத்தை ஸ்டூடியோக்காரர் கேளாமல் வெளியிட்டதற்குக் கோபம் கொள்ளும் நாம், அதே படத்தைக் கைப்பேசியில் நூறு பேருக்கு நாமே அனுப்பி வைக்கிறோம். அமானிதம் நம் கையிலும் அமானிதம்தான்.

நிறைவாக ஒன்று. எலுமிச்சம்பழத்துடன் படமெடுத்த அந்தப் பெரியவரிடம், சில ஆண்டுகள் கழித்து வேறொரு வேலையாகச் சென்றிருந்தோம். அவர் கடைச் சுவரில் நம் பேத்தியின் படம் இல்லை. "இவ்வளவு நல்ல படத்தை மாட்டி வைக்கக் கூடாதா?" என்று நாமே கேட்டோம். "அன்று நீங்கள் 'இல்லை' என்று குறித்தீர்களே" என்றார். பழைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி அந்தக் கையொப்பத்தையும் காட்டினார். நாம் மறந்துவிட்டோம், அவர் மறக்கவில்லை. அதன்பின் நம் குடும்பத்துப் பிள்ளைகள் யாவரையும் அவரிடமே அழைத்துச் செல்கிறோம். இத்தொழிலில் நிலைக்க விரும்பும் இளைஞர்கள் அந்த நோட்டுப் புத்தகத்தை நினைவில் வைத்துக் கொள்வார்களாக.