பதினோரு சாமான், ஒரே அடுப்பு
– இறுதியாண்டு, இயந்திரவியல்



ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டார்கள். "சமையல்" என்றேன். ஒரே சிரிப்பு! லேத், வெல்டிங், கம்ப்யூட்டர் என்று ஆளாளுக்கு எழுதும்போது இவன் மட்டும் ரசம் வைக்கிறானே என்ற சிரிப்பு. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இன்னும் சில மாதங்களில் நம்மில் பாதிப் பேர் ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ அப்ரண்டிஸாகப் போய்விடுவோம். ஒரு ரூமில் நாலைந்து பேர். மாதம் பிறந்தால் கையில் ஸ்டைபண்ட். அதில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறோம் என்பதை முடிவு செய்யப் போவது நம் பாசம் அல்ல, ஓட்டல் பில்! இரண்டு வேளையும் வெளியே சாப்பிட்டால் என்ன மிஞ்சும் என்று சீனியர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

எனக்கு இந்தப் பாடம் வீட்டிலேயே கிடைத்தது. அம்மா கைத்தறி நெய்கிறார். கூலி பீஸ் கணக்கு. அடுப்படியில் ஒரு மணி நேரம் நின்றால் தறியில் ஒரு மணி நேரக் கூலி போச்சு. அதனால் எட்டாவது படிக்கும்போதே அடுப்பு என் பொறுப்புக்கு வந்துவிட்டது. அம்மா எழுந்து வந்து சொல்லித் தர மாட்டார். நாடா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அங்கிருந்தே குரல் வரும்: "கண்ணு, பூண்டு வாசம் வந்துருச்சு, வெங்காயத்தப் போடு." மூக்காலேயே மேற்பார்வை! பத்து மசாலா போடுகிற சமையலில் இது நடக்காது. எல்லா வாசமும் கலந்து வந்தால் எது எந்தப் பக்குவத்தில் இருக்கிறதென்று தறியில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? நாலைந்தே சாமான் என்பதால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தகவல் கொடுக்கிறது. சாமான் குறைந்தால் சமையல் சுலபம் என்று நினைக்காதீர்கள். மறைக்க மசாலா இல்லாததால் எதை எப்போது போடுகிறோம், எவ்வளவு சூட்டில் வைக்கிறோம் என்பதில்தான் மொத்த ருசியும் நிற்கிறது.

இத்தாலியிலும் இதே கதைதான். 'குச்சீனா போவெரா' என்று அவர்கள் சொல்வதற்கு ஏழைகளின் சமையல் என்று அர்த்தம். ஸ்பகெட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், வரமிளகாய் இவ்வளவையும் வைத்து ஒரு முழுச் சாப்பாடே செய்துவிடுகிறார்கள். அதன் பெயர் 'ஆல்யோ எ ஓல்யோ', அதாவது பூண்டும் எண்ணெயும்! பூண்டைக் கருக விடாமல் மிதமான சூட்டில் பொன்னிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு ஸ்பகெட்டி வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து அந்த எண்ணெயில் ஊற்றிக் கலக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கும் மாவுச்சத்து, எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைக்கிறது. வெந்த தண்ணீரைக் கீழே கொட்டாத புத்தி நமக்கும் உண்டு. கொள்ளு வெந்த தண்ணீரில்தானே நம் வீடுகளில் ரசம்! இன்னொரு சங்கதி, அவர்கள் மிளகாய்க்கும் நம் மிளகாய்க்கும் பூர்வீகம் ஒன்றுதான், அமெரிக்கக் கண்டம். நமக்கு அது போர்ச்சுகீசியர் வழியாக வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் இங்கே காரத்துக்கு மிளகைத்தான் நம்பியிருந்தார்கள்.

சரி, ரூமில் வாங்கி வைக்க வேண்டியவை: அரிசி, துவரம் பருப்பு, கொள்ளு, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சீரகம், மஞ்சள் தூள், புளி, உப்பு, எண்ணெய். எண்ணிப் பாருங்கள், பதினொன்று. கறிவேப்பிலையையும் கொத்தமல்லித்தழையையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை, சிரித்த முகத்தோடு கேட்டால் கடைக்காரர் கொசுறாகவே கொடுப்பார். எண்ணெய் என்றால் கடலை எண்ணெய். மஞ்சளுக்கு அலைய வேண்டியதில்லை, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சள் இருக்கிறது. பாத்திரம் ஒரு சின்ன குக்கர், ஒரு வடச்சட்டி, ஒரு மத்து.

பட்டியலில் எழுதாமல் விட்ட பன்னிரண்டாவது ஒன்று உண்டு. தண்ணீர்! "இந்தத் தண்ணியில பருப்பே வேக மாட்டேங்குது" என்று நம் வீடுகளில் சொல்லாத நாள் கிடையாது. காரணம் நமக்குத் தெரிந்ததுதான். முதலாண்டு கெமிஸ்ட்ரி லேபில் இ.டி.டி.ஏ. ஊற்றி டைட்ரேஷன் செய்தோமே, ஒயின் சிவப்பு மாறி எஃகு நீலம் வந்ததே, அதே கடினத்தன்மை. போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் செல் சுவரில் உள்ள பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடுகின்றன. எத்தனை விசில் விட்டாலும் பருப்பு முழித்துக்கொண்டு நிற்பது அதனால்தான். புளியும் இதே வேலையைச் செய்யும், அதனால் பருப்பு மலர்ந்த பிறகுதான் புளித்தண்ணீர். சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் வேகும் என்பார்கள். வேகும்தான், ஆனால் பி-1 வைட்டமின் அழிந்துவிடும். அதற்குப் பதிலாகத் தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடியில் வெள்ளையாகப் படிந்ததை விட்டுவிட்டு மேல் தண்ணீரை எடுங்கள். தற்காலிகக் கடினத்தன்மை போய்விடும். நிரந்தரக் கடினத்தன்மை இதற்கெல்லாம் மசியாது. அதற்குக் குடிக்கப் பிடித்து வைத்த ஆத்துத்தண்ணிதான் கதி. எங்கள் தெருவில் பருப்பு வேக வைக்கவென்றே ஒரு குடம் தனியாக இருக்கும்.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு எழுதக் காரணம் உண்டு. நம் ஊருக்குப் பக்கத்தில் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறதல்லவா? பாசனத்துக்கென்று கட்டி 1990-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளே உப்பாகிப் போயின. கழிவை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. பதினோரு சாமானையும் காசு கொடுத்து வாங்கலாம். கிணறு கெட்டுப்போன வீட்டில் பன்னிரண்டாவதுக்கு என்ன செய்வது?

இப்போது அடுப்பைப் பற்ற வைப்போம். முதலில் அரிசிம்பருப்பு. கொங்கு நாட்டுக்காரனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா என்று கேட்பீர்கள். சாப்பிடத் தெரிந்தவர் எல்லோருக்கும் செய்யத் தெரிவதில்லையே! இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம் பருப்பு. இரண்டையும் சேர்த்துக் கழுவிக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். குக்கரிலேயே எண்ணெய் ஊற்றிச் சீரகம், நாலு வரமிளகாய், தட்டிய பூண்டு ஆறேழு பல், பிறகு பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, கடைசியாக மஞ்சள் தூள். எண்ணெயில் போட்டு வதக்கச் சொல்வதில் விஷயம் இருக்கிறது. மிளகாயின் காரமும் மஞ்சளின் நிறமும் எண்ணெயில்தான் நன்றாகக் கரையும், தண்ணீரில் கரையாது. நேராகத் தண்ணீரில் போட்டால் காரம் ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம். வதங்கியதும் மூன்றரை டம்ளர் தண்ணீர், உப்பு. கொதி வந்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூடி, மூன்று விசில். இறக்கியவுடன் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீர்கள். உள்ளே சுமார் 120 டிகிரி செல்சியஸ் இருக்கும். அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிஷம் அந்தச் சூடு இலவசமாக வேலை செய்கிறது. கியாஸ் செலவு யாருக்கு மிச்சம்? நெய் இருந்தால் பாக்கியம், இல்லாவிட்டால் தயிர் போதும்.

அரிசியையும் பருப்பையும் சேர்த்துப் பொங்குவது சோம்பேறித்தனம் என்று எண்ண வேண்டாம். அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடு செய்கிறது. இத்தாலியர்கள் பாஸ்தாவோடு பீன்ஸைச் சேர்த்து ஒரே பானையில் வேக வைப்பதும் இந்தச் சேர்க்கைதான். ஆனால் சில சாமான் வேறு, ஒரே சாமான் வேறு. வட இத்தாலியில் மக்காச்சோளக் களி உண்டு, பொலெந்தா என்று பெயர், கிண்டுகிற விதம் நம் ராகிக் களியேதான். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே ஏழை விவசாயிகள் வேறு எதற்கும் வழியில்லாமல் அதை மட்டுமே தின்று 'பெல்லாக்ரா' என்ற நோயில் விழுந்தார்கள். நயாசின் என்ற வைட்டமின் கிடைக்காததால் வந்த நோய். தோல் வெடித்து, புத்தி பேதலித்து, பலர் செத்தே போனார்கள். ரூமில் மூன்று வேளையும் நூடுல்ஸ் தின்கிற நண்பர்கள் கவனிக்கவும்!

அடுத்து கொள்ளு. கீழ்பவானி வாய்க்கால் 1950-களில் வருவதற்கு முன்பு இந்தப் பக்கம் பெரும்பாலும் மானாவாரி பூமி. கம்பு, சோளம், ராகி, கொள்ளு இவைதான் விளையும். நெல்லுச்சோறு நோம்பி நாளில் கண்ணில் பட்டால் உண்டு. மழை ஏமாற்றினாலும் கொள்ளு ஏமாற்றாது. நூறு கிராமில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது, இதை மாட்டுத்தீவனம் என்று ஒதுக்குபவர்களை என்ன சொல்வது? முதல் நாள் ராத்திரி ஒரு டம்ளர் கொள்ளை, கல் அரித்து, ஊறப் போட வேண்டும். தோல் கெட்டி, எட்டு மணி நேரமாவது ஊறாவிட்டால் வேகாது. காலையில் நாலு டம்ளர் தண்ணீர் விட்டு ஆறேழு விசில். தண்ணீரை வடித்துத் தனியே வையுங்கள். வடச்சட்டியில் எண்ணெய் விட்டுச் சீரகம், மிளகாய், பூண்டு, வெங்காயம் வதக்கிக் கொள்ளில் கொட்டி, உப்புப் போட்டு மத்தால் கடையுங்கள். மிக்ஸி வேண்டாம், பசை மாதிரி ஆகிவிடும். கடைந்தால் பாதி மசிந்தும் பாதி முழுசாகவும் இருக்கும், வாயில் போட்டால் வித்தியாசம் தெரியும். வடித்த தண்ணீரில் கொஞ்சம் புளி கரைத்து, தட்டிய பூண்டும் சீரகமும் போட்டு, நுரை கூடும்போது இறக்கினால் கொள்ளு ரசம். ஒரு டம்ளர் கொள்ளில் இரண்டு பேருக்குக் குழம்பும் ஆச்சு, ரசமும் ஆச்சு.

ஸ்டைபண்ட் வந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையம் சிக்கன். ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், காவிரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே, அந்த ஊர்ப் பெயர்தான். மசாலாத் தூளே இல்லாத கோழிக்கறி! அரைக் கிலோ கோழி, பொடிசாக வெட்டியது. எண்ணெயில் பத்துப் பன்னிரண்டு வரமிளகாய், விதையை உதறிவிட்டுக் கிள்ளிப் போட்டது. ஒறப்பு தாங்காதவர்கள் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு கை சின்ன வெங்காயம், கறிவேப்பிலை. வெங்காயம் வதங்கியதும் கறி, மஞ்சள், உப்பு. இந்த ஒரு நாளைக்கு மட்டும் பட்டியலை மீறி ஒரு மூடித் தேங்காய் வாங்கிப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட வேண்டும். கறியே தண்ணீர் விடும், மேலே ஒரு கை தெளித்தால் போதும். மூடி வேகவிட்டுப் பிறகு மூடியைத் திறந்துவிடுங்கள். அவசரக்காரர்கள் இங்கேதான் இறக்கிவிடுவார்கள். சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரிக்கு மேலே ஏறாது. கறி செவந்து மணக்க 140 டிகிரியாவது வேண்டும். ஆகவே தண்ணீர் முழுக்கச் சுண்டி, சலசல சத்தம் போய்ச் சடசட சத்தம் வந்த பிறகு ஐந்து நிமிஷம் பிரட்ட வேண்டும். அந்த ஐந்து நிமிஷம்தான் பள்ளிபாளையம், அதற்கு முன்னால் இருப்பது வெறும் வேக வைத்த கோழி. சைவக்காரர்கள் காளானில் இதையே செய்யலாம், அதுவும் தண்ணீர் விடும் சாதிதான்.

கியாஸ் தீர்ந்த நாளைக்கு ஒன்று பாக்கி இருக்கிறது, பச்சைப்புளி ரசம். அடுப்பே தேவையில்லை. எலுமிச்சை அளவு புளியைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். கொதித்து ஆறியது என்பதை மறக்கக்கூடாது, ஏனென்றால் பிறகு இதைச் சூடு பண்ணப் போவதில்லை. அதில் சின்ன வெங்காயம் பத்து, வரமிளகாய் இரண்டு, சீரகம் கொஞ்சம், மூன்றையும் உப்போடு கையால் நன்றாகப் பிசைந்து போடுங்கள். கொத்தமல்லித்தழை கிள்ளிப் போடலாம். வெல்லம் ஒரு துண்டு கிடைத்தால் புளிப்பு அடங்கும். கால் மணி நேரம் வைத்திருந்து, காலையில் வடித்த சோற்றில் ஊற்றிச் சாப்பிடுங்கள், சித்திரை வெயிலுக்கு இதை விட்டால் வேறு கிடையாது. தேவைக்கு மட்டும் கரையுங்கள், மறுநாளைக்கு வைத்தால் வெங்காய வாசம் மாறிவிடும்.