கதை விளையாட்டாகும்போது

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணினி அறிவியல்)

தொலைக்காட்சியில் தொடர்கதை பார்ப்பவர்க்கு அதன் போக்கில் எவ்விதப் பங்கும் இல்லை. கப்பல் கவிழ்ந்தாலும் கரை சேர்ந்தாலும் அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவரே. கணிப்பொறி விளையாட்டோ இதற்கு நேர்மாறானது. விளையாடுபவர் ஒன்றைச் செய்தாலன்றித் திரையில் எதுவும் நிகழாது. அப்படியாயின், மக்கள் விரும்பிப் பார்த்த ஓர் அறிவியல் புனைகதைத் தொடரை விளையாட்டாக மாற்றும்போது எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது? இவ்வினாவுக்கு எனக்குக் கிடைத்த விடையை மாணவ நண்பர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தெருவில் கண்ட விதி

நான் சிறுவனாயிருந்தபோது கார்ட்டூன் நெட்வொர்க்கில் தமிழ்க்குரலில் வந்த ‘பென் 10’ தொடரை எங்கள் காசிமேட்டுத் தெருப் பிள்ளைகள் அனைவரும் பார்ப்போம். 2005-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய தொடர் அது. பென் என்னும் பத்து வயதுச் சிறுவனின் கையில் ‘ஆம்னிட்ரிக்ஸ்’ என்றொரு கடிகாரம் ஒட்டிக்கொள்கிறது. அதைத் திருகி அழுத்தினால் அவன் வேற்றுலக உயிராக மாறுவான். ஆனால் சிறிது நேரமே அந்த உருவம் நிலைக்கும். சண்டையின் நடுவில் கடிகாரம் சிவந்து ஒலிக்கும். அவன் மீண்டும் சிறுவனாகி நிற்பான்.

நாங்கள் பேனாவால் மணிக்கட்டில் கடிகாரம் வரைந்துகொண்டு தெருவில் விளையாடுவோம். யாராவது மாறினால் மற்றவர்கள் உரக்க எண்ணத் தொடங்குவார்கள். இருபது எண்ணி முடித்தால் மாறியவன் பழையபடி மனிதன். அவனை யாரும் பிடிக்கலாம். இந்த விதியை எங்களுக்கு எவரும் கற்றுத் தரவில்லை. அது இல்லாவிட்டால் விளையாட்டு நடக்காது என்று நாங்களே கண்டுகொண்டோம்.

2007-இல் வெளிவந்த ‘பென் 10: புரொடெக்டர் ஆஃப் எர்த்’ என்னும் விளையாட்டைப் பின்னர் ஒரு வீடியோ கேம் கடையில், மணிக்கணக்கில் காசு கொடுத்து, பிளேஸ்டேஷன் 2 பெட்டியில் ஆடினேன். அங்கும் கடிகாரத்தின் ஆற்றல் குறையக் குறைய மனம் பதைத்தது. எங்கள் தெரு கண்ட அதே விதிதான்! தொடரில் இருந்தது கதை. அந்தக் கதைக்குள் ஒளிந்திருந்தது விதி. அந்த விதியைக் கண்டெடுப்பதே விளையாட்டாக்குபவரின் முதல் வேலை என்பது அன்று எனக்குப் புரியவில்லை. கல்லூரிக்கு வந்தபின் படித்த வேறொரு விளையாட்டே அதைப் புரியவைத்தது.

படமே இல்லாத விளையாட்டு

‘ஸ்டார் டிரெக்’ என்னும் அமெரிக்கத் தொடர் 1966 முதல் 1969 வரை 79 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. 1980-களில் நம் தூர்தர்ஷனிலும் அது வந்தது. ‘என்டர்பிரைஸ்’ என்னும் விண்கப்பலும் அதன் தலைவர் கிர்க்கும் உடன் பணிபுரிவோரும் விண்வெளியில் செல்லும் பயணங்களே அதன் கதை.

1971-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் மைக் மேஃபீல்டு என்னும் பள்ளி மாணவர், ஒரு பல்கலைக்கழகத்தின் சிக்மா 7 கணிப்பொறியில் இத்தொடரை விளையாட்டாக எழுதினார். மறு ஆண்டு ஹியூலட்-பேக்கர்டு நிறுவனத்தின் கணிப்பொறியில் ‘பேசிக்’ மொழியில் அதைத் திருத்தி எழுதினார். 1973-இல் டேவிட் ஆல் தொகுத்த பேசிக் விளையாட்டு நூலில் அது அச்சேறியது. 1974-இல் பாப் லீடம் என்பவர் அதை விரிவாக்கிச் ‘சூப்பர் ஸ்டார் டிரெக்’ ஆக்கினார். 1978-இல் மறுபதிப்பான ஆலின் நூலில் இந்த வடிவமும் இடம்பெற்றது. பத்து லட்சம் படிகளுக்கு மேல் விற்ற முதல் கணிப்பொறி நூல் அதுவே என்பர்.

அந்நாளில் இந்த விளையாட்டைப் பெட்டியில் வைத்து விற்கவில்லை. நிரலை வரிவரியாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். விளையாட விரும்புபவர் ஒவ்வொரு வரியையும் தாமே தட்டச்சு செய்ய வேண்டும். ஆகவே விளையாடும் முன்பே அவர் அதன் உள்ளுறுப்புகளைப் பார்த்துவிடுவார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலாண்டில் நிரலாக்கத் தாளில் நான் தேர்ச்சி பெறவில்லை. தமிழ் வழியில் படித்து வந்தவன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆளும் நான்தான். பாடநூலின் சிறு சிறு நிரல்களை மனப்பாடம் செய்தேனேயன்றி அவை எதற்காக என்பது விளங்கவில்லை. அந்த விடுமுறையில் நண்பனிடம் மடிக்கணினியை இரவல் வாங்கி, சூப்பர் ஸ்டார் டிரெக்கின் சில நூறு வரிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தேன். எட்டு நாள் ஆயிற்று.

அறுபத்து நான்கு எண்களில் ஒரு வான்வெளி

இவ்விளையாட்டில் வான்வெளி என்பது எட்டுக்கு எட்டு, ஆக 64 மண்டலங்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் மீண்டும் எட்டுக்கு எட்டாக 64 கட்டங்கள். மொத்தம் 4096 இடங்கள். அக்காலக் கணிப்பொறியின் நினைவகமோ மிகச் சிறியது. இத்தனை இடங்களையும் எப்படி நினைவில் வைப்பது?

அதற்கு அவர்கள் கண்ட வழி நாம் தொடக்கப்பள்ளியில் படித்த இடமதிப்பு! ஒரு மண்டலத்துக்கு ஒரே ஒரு மூன்றிலக்க எண். நூறாமிடம் பகைவராகிய கிளிங்கான் கப்பல்களின் எண்ணிக்கை, பத்தாமிடம் விண்தளம், ஒன்றாமிடம் விண்மீன்கள். 215 என்றால் இரண்டு பகைவர், ஒரு தளம், ஐந்து மீன்கள். அந்த எண்ணை நூறால் வகுத்து முழுஎண்ணை மட்டும் எடுத்தால் பகைவர் எண்ணிக்கை கிடைத்துவிடும். நாம் அம்மண்டலத்துள் நுழையும்போதுதான் எது எந்தக் கட்டத்தில் என்பதை இயந்திரம் குலுக்கல் முறையில் வைக்கிறது. பாடநூலில் நான் உருப்போட்ட ‘அணி’ என்பது எதற்கு என்று அன்றுதான் விளங்கியது.

திரையில் படம் எதுவும் கிடையாது, எழுத்துகளும் குறிகளுமே. ஒரு நட்சத்திரக் குறியின் இருபுறமும் கூர்க்குறி இட்டால் அதுவே என்டர்பிரைஸ். ஆயினும் ஆடியவர்கள் இதைத் தொடரின் மெய்யான வடிவமாகவே ஏற்றுக்கொண்டனர். காரணம் அதன் விதிகளில் இருக்கிறது.

கப்பலுக்கு 3000 அலகு ஆற்றலும் 10 டார்பிடோக்களும் தரப்படுகின்றன. அந்த ஆற்றலிலிருந்தே கேடயத்துக்கும் ஒதுக்க வேண்டும். நகரவும் சுடவும் செலவிட வேண்டும். ஒரு மண்டலம் நகர 18 அலகு ஆகும். பகைவரைச் சுடுவதற்கோ நூற்றுக்கணக்கில் தேவைப்படும். பகைவர் நம்மைச் சுட்டால் வரும் சேதத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு: அவரது வலிமையைத் தொலைவால் வகுத்து, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். வலிமை 200, தொலைவு 4 கட்டம் என்றால் சேதம் 100 முதல் 150 வரை. தொலைவு 2 என்றால் 200 முதல் 300 வரை. நாம் சுடுவதற்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். நெருங்கினால் நம் அடி பலக்கும். நாம் வாங்கும் அடியும் பலக்கும். தொலைவைக் காண்பது பித்தாகரஸ் தேற்றத்தால்.

இவற்றோடு நாள் கணக்கும் உண்டு. குறித்த நாள்களுக்குள் பகைவர் அனைவரையும் அழிக்க வேண்டும். ஆற்றல் தீரும் முன் விண்தளத்தை அடைந்தால் எல்லாம் மீண்டும் நிரப்பப்படும். அடையாவிட்டால் கப்பல் வெட்டவெளியில் நின்றுவிடும்.

தொடரில் மாலுமிகள் ஒவ்வொருவரும் தலைவரிடம் ஒரு செய்தியைக் கொண்டுவருவர்: ஆற்றல் குறைகிறது, கேடயம் தாங்காது, பகைவன் நெருங்குகிறான். எதை முதலில் கவனிப்பது என்பதைத் தலைவர் முடிவு செய்வார். மேஃபீல்டு எடுத்துக்கொண்டது கிர்க்கின் முகத்தை அன்று. அவரது இந்த இக்கட்டையே!

தந்தையார் கேட்ட கேள்வி

நான் இதை ஆடிக்கொண்டிருந்தது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. என் தந்தையார் காசிமேட்டில் ஒரு விசைப்படகின் டிரைவர். அன்று அவர் வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தார். திரையில் என்ன என்று கேட்டார். ஆங்கில எழுத்துகளை விளக்கிச் சொன்னேன். சிறிது நேரம் பார்த்தவர், “டீசல் எவ்ளோடா கீது?” என்றார்.

“டீசல் இல்ல நைனா, எனர்ஜி. நாப்பது கீது.”

“தளம் எங்க?”

“ஆறு மண்டலம் தாண்டி.”

“அப்ப எப்படிடா திரும்புவ?”

கணக்கிட்டேன். ஆறு மண்டலத்துக்கு 58 அலகு வேண்டும். கேடயத்தில் மிச்சமிருந்ததையும் சேர்த்தாலும் போதவில்லை. கடைசிப் பகைவனையும் முடித்துவிடும் ஆசையில் எல்லாவற்றையும் சுட்டே தீர்த்திருந்தேன். “வர்றதுக்கான டீசல் நம்மள்து இல்லடா. அத்தத் தொடவே கூடாது” என்று சொல்லிவிட்டு அவர் வலையை எடுத்துக்கொண்டார்.

எனக்கு ஓராண்டுக்கு முந்தைய ஒரு நாள் நினைவுக்கு வந்தது. ஏழு நாள் தொழிலுக்குச் சென்ற தந்தையார் நான்காம் நாளே ஏறக்குறைய வெறும் படகோடு திரும்பினார். மறுநாள் எனக்குத் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள். “இன்னும் ரெண்டு நாள் இருந்து பாத்திருக்கலாமே” என்று கடிந்து பேசினேன். அவர் பதில் சொல்லவில்லை. வட்டிக்கு வாங்கிக் கட்டணத்தைக் கட்டினார். டீசல், பனிக்கட்டி, குடிநீர், காற்று, படகிலிருந்த மற்றவர்களின் உயிர் ஆகிய அனைத்தையும் நிறுத்துப் பார்த்து அவர் எடுத்த முடிவு அது என்பதை ஒரு விளையாட்டில் தோற்ற பிறகே உணர்ந்தேன். அன்றிரவே அவரிடம் அதைச் சொன்னேன். “அது கெடக்குது, சாப்புடு” என்றார்.

மறுநாள் அந்நிரலில் நானாக ஒரு பகுதியைச் சேர்த்தேன். அருகிலுள்ள தளத்தின் தொலைவை எட்டால் பெருக்கிப் பத்தைக் கூட்டி, ‘திரும்ப வேண்டிய ஆற்றல்’ என்று திரையில் காட்டும் சில வரிகள். நான் மனப்பாடம் செய்யாமல் எழுதிய முதல் நிரல் அதுதான். அடுத்த பருவத்தில் விடுபட்ட தாளிலும் தேர்ச்சி பெற்றேன்.

பெயர் மட்டும் ஒட்டியவை

எல்லாத் தொடர்களுக்கும் இந்தப் பேறு வாய்க்கவில்லை. 1963-இல் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ இங்கிலாந்தின் புகழ்பெற்ற தொடர். 1983-இல் பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிக்கு ‘டாக்டர் ஹூ: த ஃபர்ஸ்ட் அட்வெஞ்சர்’ வெளிவந்தது. (1984-இல் ‘கிளாஸ்’ திட்டத்தின்கீழ் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்ததும் இந்த பி.பி.சி. மைக்ரோவே.) அவ்விளையாட்டு நான்கு சிறு பகுதிகளைக் கொண்டது. ‘பேக்-மேன்’, ‘ஃபிராகர்’, ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ முதலிய பழைய ஆட்டங்களை ஒத்தவை அவை. டாக்டரோ ஆயுதத்தை விட அறிவையே நம்புபவர். காலத்தில் பயணம் செய்பவர். அந்த இயல்பிலிருந்து ஒரு விதியையாவது எடுத்தார்களா என்றால் இல்லை. வேறொருவர் சட்டையில் தம் பெயரைத் தைத்தது போலாயிற்று.

மாறாக, 2017-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட ‘ஸ்டார் டிரெக்: பிரிட்ஜ் குரூ’வில் நால்வர் சேர்ந்து ஆடலாம். ஒருவர் தலைவர், ஒருவர் கப்பலைச் செலுத்துபவர், ஒருவர் ஆயுதம், ஒருவர் எந்திரம். தலைவர் சொல்லலாமே தவிரச் செய்ய வேண்டியவர் மற்றவர். 1971-இல் ஒருவர் தலையில் இருந்த இக்கட்டை நால்வருக்குப் பகிர்ந்தளித்த விளையாட்டு இது. கருவி எவ்வளவோ மாறிவிட்டது. விதியின் வேர் அதேதான்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவது ஒன்று. தொடரின் முகங்களையும் இசையையும் படத்தையும் எடுத்துக்கொள்வது எளிது; அதற்குப் பணம் போதும். கதைமாந்தர் எந்த இக்கட்டில் நிற்கிறார், அவர் கையில் என்ன குறைவாக இருக்கிறது, எதைக் கொடுத்து எதைப் பெறுகிறார் என்று கண்டுபிடிப்பதே கடினம். அதற்குப் பணம் வேண்டியதில்லை; கூர்ந்த கவனம் வேண்டும். அதனாலேயே பள்ளி மாணவர் ஒருவராலும் தெருப்பிள்ளைகளாலும் அது இயன்றது.

தமிழிலும் இதற்கு இடமுண்டு. சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’ தொலைக்காட்சித் தொடராகவும் வந்த அறிவியல் புனைகதை. ஜீவா என்னும் தலைவரின் ஆட்சி எல்லோரையும் கண்காணிக்கும் எதிர்கால இந்தியாவில், காணாமற்போன கணவனை நிலா தேடுகிறாள்; ஜீனோ என்னும் இயந்திர நாய் துணை நிற்கிறது. இதை விளையாட்டாக்கினால் துப்பாக்கி தேவையில்லை. நிலா கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஓர் உண்மையைத் தரும். ஆனால் அவள்மீது ஆட்சியின் ஐயத்தையும் கூட்டும். எத்தனை கேள்வி கேட்கலாம், எப்போது வாய்மூடித் திரும்ப வேண்டும்? இதுவே அதன் விதியாகலாம் என்பது என் எண்ணம்.

நம் துறை மாணவர்கள் நால்வர் சேர்ந்தால் எழுத்து வடிவில் இதைச் செய்து பார்க்கலாம். ஆர்வமுள்ளோர் என்னை அணுகுக. நிரலை ஒளிக்காமல் வரிவரியாக அச்சிட்டுத் தருவோம். அடுத்து வரும் முதல் தலைமுறை மாணவர் ஒருவருக்கு அது பயன்படக்கூடும்.