டாரன்ஸிலிருந்து மேலேறும் முன்

டாரன்ஸ் விமான நிலையம் லாஸ் ஏஞ்சல்ஸ் பெருநிலையத்துக்குத் தெற்கே, காரில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. ஒரு பக்கம் பாலோஸ் வெர்டெஸ் குன்றுகள், மறுபக்கம் நகரம். இங்கே செஸ்னாவோ பைப்பரோ வாடகைக்கு எடுத்துப் பறக்கும் புது விமானிகள் தரையிறக்கத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். அது பழகப் பழகக் கைவந்துவிடும். உண்மையில் கவலைப்பட வேண்டியது தலைக்கு மேலே இருக்கும் 'பிராவோ' வான்வெளியைப் பற்றி.

பிராவோவைக் கவிழ்த்து வைத்த கொலுப்படியாக நினைத்துக்கொள்ளுங்கள். பெருநிலையத்தை ஒட்டி அது தரை வரை இறங்கும். விலகிப் போகப் போக அதன் அடிமட்டம் படிப்படியாக உயரும். வரைபடத்தில் ஒவ்வொரு படிக்கும் நீல எண்கள் இரண்டு இருக்கும். 100-க்குக் கீழே 50 என்றிருந்தால் 5,000 அடியிலிருந்து 10,000 அடி வரை பிராவோ என்று பொருள். இந்த எண்களைப் பொடி எழுத்தில் நெருக்கிப் போட்டிருக்கும் சாதாரண வரைபடத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். 1:2,50,000 அளவில் வரும் டெர்மினல் ஏரியா சார்ட் வேண்டும். ஐபேடில் எல்லாம் தெரிகிறதே என்பீர்கள். தெரியும்தான். ஆனால் இந்த வானத்தில் கண் வெளியே இருக்க வேண்டும். 405, 110 நெடுஞ்சாலைகள், துறைமுகம், வின்சென்ட் தாமஸ் பாலம் இவற்றில் எதைத் தாண்டும்போது எந்தப் படிக்குக் கீழே இருப்பீர்கள் என்பதைத் தரையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. 1986 ஆகஸ்ட் 31, வானம் தெளிவாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. டாரன்ஸிலிருந்து கிளம்பிய பைப்பர் ஆர்ச்சர் ஒன்று, அனுமதி இல்லாமல், தெரியாமலே கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் நுழைந்தது. செரிடோஸ் ஊருக்கு மேலே சுமார் 6,500 அடியில் அதுவும், தரையிறங்க வந்துகொண்டிருந்த ஏரோமெக்சிகோ டிசி-9 விமானமும் மோதிக்கொண்டன. 82 பேர் இறந்தார்கள். அவர்களில் 15 பேர் தரையில் இருந்தவர்கள். பைப்பரில் ட்ரான்ஸ்பாண்டர் இருந்தது, ஆனால் அது உயரத்தைச் சொல்லாத வகை. பெருநிலையத்தைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் பறக்க, உயரத்தைச் சொல்லும் ட்ரான்ஸ்பாண்டர் பொதுவாகக் கட்டாயம் என்ற விதி அதற்குப் பிறகு வந்ததுதான். 2020 முதல் ஏடிஎஸ்-பி கருவியும் சேர்ந்துகொண்டது. கருவிகள் கூடிவிட்டன, 'உள்ளே போகலாம் என்று நினைத்தேன்' என்னும் விளக்கம் மட்டும் மாறவில்லை.

அந்த 'நினைத்தேன்' பெரும்பாலும் ரேடியோவில்தான் பிறக்கிறது. டவர் உள்ள சிறு நிலையத்தின் 'டெல்டா' வான்வெளியிலும் அடுத்த நிலை 'சார்லி'யிலும், கன்ட்ரோலர் உங்கள் கால்சைனைச் சொல்லிப் பதில் கொடுத்துவிட்டால் போதும், வேறு உத்தரவு தராத வரை நுழையலாம். பிராவோவில் அது செல்லாது. இப்பகுதியின் ரேடார் கட்டுப்பாட்டு மையமான சோகால் அப்ரோச் உங்களுக்குத் தனி ட்ரான்ஸ்பாண்டர் எண் கொடுத்து, ரேடாரில் பார்த்துவிட்டேன் என்று சொல்லி, பக்கத்தில் பறக்கும் விமானங்களைக் காட்டிக்கொண்டே வரலாம். இவை எதுவும் அனுமதி அல்ல. 'கிளியர்டு இன்டு தி பிராவோ ஏர்ஸ்பேஸ்' என்ற சொற்கள் உங்கள் கால்சைனோடு காதில் விழ வேண்டும். விழவில்லையா, கேளுங்கள். கேட்க நேரமில்லையா, திரும்புங்கள். அனுமதி கிடைக்காது என்று வைத்தே பாதையைப் போடுவதுதான் என் கட்சி. கிடைத்தால் லாபம்.

நம்மவர்கள் சிலருக்கு ஆங்கில உச்சரிப்பைப் பற்றிய கூச்சம் உண்டு. அதனாலேயே வாயைத் திறக்கத் தயங்குகிறார்கள். கன்ட்ரோலருக்கு உங்கள் உச்சரிப்பு பொருட்டல்ல. யார், எங்கே, எந்த உயரம், என்ன வேண்டும் என்ற நான்கும் வரிசையாக வந்தால் போதும். புரியாவிட்டால் 'சே அகெய்ன்' என்பதில் வெட்கமே வேண்டாம்.

பிராவோவை யாரிடமும் கேட்காமல் குறுக்கே கடக்க ஒரு வழி உண்டு. பெருநிலையத்துக்கு நேர் மேலே போகும் சிறப்பு விதிப் பாதை அது. தென்கிழக்கே போகிறவர்கள் 3,500 அடி, வடமேற்கே போகிறவர்கள் 4,500 அடி. சான்டா மோனிகா விஓஆரின் 132 டிகிரி கோடு, ட்ரான்ஸ்பாண்டரில் 1201, வேகம் 140 நாட்ஸுக்கு மேல் கூடாது, வெளி விளக்குகள் எரிய வேண்டும், 128.55-ல் உங்கள் இருப்பிடத்தை நீங்களே அறிவிக்க வேண்டும். புதிதாக வரைபடம் வாங்கி, ஒரு பயிற்றுநரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் முறை போங்கள். அதற்கும் கீழே 2,500 அடியில் 'மினி ரூட்' என்று ஒன்று இருக்கிறது. அதற்கு டவரின் அனுமதி கண்டிப்பாக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு.

உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். படியின் அடிமட்டம் 5,000 என்றால் 4,900-ல் பறப்பது வீண் வீரம். ஆல்டிமீட்டரில் பத்தில் ஓர் அங்குலம் பிசகினால் 100 அடி போய்விடும். வெயில் நேரத்து மேல்நோக்கிய காற்று மிச்சத்தையும் தின்றுவிடும். 300 அடியாவது விட்டுப் பறங்கள்.

ஹாதோர்ன் விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அதன் ஓடுபாதை 25. பெருநிலையத்தின் தெற்கு ஓடுபாதைகளும் 25 இடது, 25 வலது. எல்லாம் ஒரே திசை பார்த்தவை, பக்கத்துப் பக்கத்தில். புகைமூட்டமான மாலையில் மேற்கு வெயில் கண்ணில் அடிக்கும்போது முதலில் தெரியும் ஓடுபாதை உங்களுடையது என்று முடிவு கட்டாதீர்கள். 105 நெடுஞ்சாலைக்குத் தெற்கே இருப்பதுதான் ஹாதோர்ன்.

இத்தனைக்குப் பிறகும் எல்லை தாண்டிவிட்டால் கன்ட்ரோலர் ஒரு தொலைபேசி எண்ணைச் சொல்லி, இறங்கியதும் கூப்பிடச் சொல்வார். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அலைவரிசையில் வாதாடாதீர்கள், முதலில் ஒழுங்காகத் தரையிறக்குங்கள். பிறகு 10 நாளுக்குள் நாசா நடத்தும் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்துக்கு நடந்ததை எழுதி அனுப்புங்கள். வேண்டுமென்று செய்யாத மீறல் என்றால், முந்தைய ஐந்து ஆண்டுகளில் வேறு மீறல் நிரூபணமாகியிருக்காவிட்டால், அபராதமோ உரிம இடைநிறுத்தமோ பொதுவாக விதிக்கப்படுவதில்லை. அறிக்கை அனுப்பக் கட்டணம் கிடையாது.